எடிட்டிங் முடிந்தும் ஹார்ட் டிஸ்க் எஜெக்ட் ஆக மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோவோ குறும்படமோ யூடியூப் சேனலோ, ஃபுட்டேஜ் இருப்பது பெரும்பாலும் வெளியே செருகிய ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோதான். வேலையை முடித்துக் கழற்றப் போனால் "டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது, புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்" என்று கணினி சொல்லும். எந்தப் புரோகிராம் என்று மட்டும் சொல்லாது. பிரீமியர் ப்ரோ, ஃபைனல் கட் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் இந்த மூன்றிலும் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மெனுக்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறலாம்.

எடிட்டிங் மென்பொருளை மூடிவிட்டேன். அப்புறமும் டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்றால் எப்படி?

டிஸ்க்கில் உள்ள ஏதாவது ஒரு ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு ஃபைல் போதும், மொத்த டிஸ்க்கும் கழறாது.

வேர்ட் போன்ற மென்பொருளில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு ஆவணத்தைத் திறக்கும், மூடும், அவ்வளவுதான். எடிட்டிங் மென்பொருள் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கிளிப்புகளை ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். பின்னணியில் ஆடியோவுக்கு அலைவடிவம் வரையும், கேச் (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள்) எழுதும், ரெண்டர் செய்யும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டோ சேவ் செய்யும். நீங்கள் மூடும்போது முதலில் மறைவது திரையில் உள்ள ஜன்னல்தான். அதற்குத் துணையாக ஓடிய குட்டி ப்ராசஸ்கள் சில நொடிகள், சில சமயம் சில நிமிடங்கள்கூடத் தாமதித்துத்தான் விலகும். மாட்டிக்கொண்டால் விலகவே விலகாது.

விண்டோஸிலிருந்து மேக்கிற்கு வந்தவர்களுக்கு இன்னொரு விஷயம். மேக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பல மென்பொருள்களில் ஜன்னல் மட்டும்தான் மூடும், மென்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டாக்கில் ஐகானுக்குக் கீழே சின்னப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். கமாண்ட், கியூ இரண்டையும் சேர்த்து அழுத்தி வெளியேறினால்தான் உண்மையில் மூடியதாகக் கணக்கு.

நான் அப்படியே பிடுங்கித்தான் பழக்கம். இதுவரை எதுவும் ஆகவில்லையே?

ஆகாமல் இருக்கலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாத நேரத்தில் பிடுங்கியிருப்பீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிடுங்கினால் கதை வேறு. எப்போது எழுதுகிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காப்பி முடிந்ததாகத் திரை காட்டிய பிறகும் கடைசிப் பகுதி நினைவகத்தில் காத்திருந்து, மெதுவாக டிஸ்க்குக்குப் போகலாம். எஜெக்ட் என்பது அந்த மிச்சத்தை எழுதி முடித்து, ஃபைல் பட்டியலை ஒழுங்காக மூடி, ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் பல சமயம் அதன் சுழற்சியையும் நிறுத்தும் வேலை.

வீடியோ ஃபைலுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. எம்பி4, எம்ஓவி வகை ஃபைல்களுக்குள் இரண்டு முக்கியமான பகுதிகள் இருக்கும். படமும் ஒலியும் நிறைந்த பெரிய பகுதி ஒன்று. எந்த ஃப்ரேம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிறிய அட்டவணை இன்னொன்று, அதன் பெயர் மூவ். எக்ஸ்போர்ட் ஆகும்போது படம் முதலில் எழுதப்பட்டு, மூவ் பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்கு முன் டிஸ்க் கழன்றால் 40 ஜிபி ஃபைல் 40 ஜிபியாகவே தெரியும், ஆனால் எந்தப் பிளேயரிலும் திறக்காது. மீட்க வழிகள் இருக்கின்றன, எப்போதும் பலிப்பதில்லை. எக்ஸ்போர்ட்டாவது திரும்பச் செய்துகொள்ளலாம். தாலி கட்டும் காட்சியின் ஒரிஜினல் ஃபுட்டேஜைக் கார்டிலிருந்து காப்பி செய்யும்போது இப்படி நடந்து, கார்டையும் அழித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யாராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன்.

டிஸ்க்கின் ஃபார்மட்டும் முக்கியம். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்று பெரும்பாலோர் எக்ஸ்ஃபேட் வைத்திருப்பார்கள். அதில் ஜர்னலிங் கிடையாது. அதாவது, பாதியில் நின்ற வேலையைப் பற்றிய குறிப்பு எங்கும் இருக்காது. ஃபைல் பட்டியலை மாற்றும் நேரத்தில் பிடுங்கினால் ஒரு ஃபோல்டரே காணாமல் போகலாம். என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு, ஆனால் அது காப்பது ஃபைல் அமைப்பை. எழுதாமல் விட்டுப்போன உங்கள் வீடியோவை அது கொண்டுவந்து தராது.

விண்டோஸில் "க்விக் ரிமூவல்" இருப்பதால் எஜெக்ட்டே தேவையில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிஸ்க்குகளுக்கு க்விக் ரிமூவல்தான் இயல்பான அமைப்பு. அதில் எழுத வேண்டியதை விண்டோஸ் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதும். எதுவும் எழுதப்படாத நிலையில் கழற்றினால் பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனால் எடிட்டிங் மென்பொருள் திறந்திருக்கும்போது "எதுவும் எழுதப்படவில்லை" என்று நீங்கள் எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்? வேகத்துக்காக யாராவது அந்த டிஸ்க்கை "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" என்று மாற்றியிருந்தால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும். எஜெக்ட் செய்தே கழற்றுங்கள்.

மேக்கில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டெர்மினல்தான் நேரான வழி. கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரே வரிதான். டெர்மினலைத் திறந்து எல், எஸ், ஓ, எஃப் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டுங்கள். ஒரு இடைவெளி விடுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள டிஸ்க் ஐகானை இழுத்து அந்த ஜன்னலுக்குள் போட்டால் அதன் முகவரி தானாக வந்து உட்காரும். என்டர் அழுத்துங்கள்.

சில நொடிகளில் ஒரு பட்டியல் வரும். இடது ஓரத்தில் புரோகிராமின் பெயர், அடுத்து பிஐடி என்ற எண், வலது ஓரத்தில் அது திறந்து வைத்திருக்கும் ஃபைலின் முகவரி. "பிரீமியரை மூடிவிட்டேனே" என்பவரின் பட்டியலில் அதன் எக்ஸ்போர்ட் துணை மென்பொருளான மீடியா என்கோடர் நிற்பதும், "எதையுமே திறக்கவில்லை" என்பவரின் பட்டியலில் ஓரமாக ஒரு கிளிப்போடு குவிக்டைம் பிளேயர் நிற்பதும் வழக்கம். பெயர் தெரிந்துவிட்டால் அந்த மென்பொருளை முறையாக மூடுவதோடு வேலை முடிந்தது. மூட மறுத்தால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து, அதே பிஐடியைத் தேடி நிறுத்தலாம்.

பட்டியல் காலியாக வந்தால், சிஸ்டத்தின் சொந்த ப்ராசஸ் ஏதோ பிடித்திருக்கலாம். அதே வரியின் முன்னால் எஸ், யு, டி, ஓ என்ற எழுத்துகளையும் ஒரு இடைவெளியையும் சேர்த்து, கடவுச்சொல் கொடுத்து ஓட்டினால் அதுவும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, டெர்மினலிலேயே அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் நீங்கள் போயிருந்தால், டெர்மினலும் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரோகிராம்தான். அந்த ஜன்னலையும் மூடுங்கள்.

பட்டியலில் எம்டிஎஸ், எம்டிஒர்க்கர் என்றெல்லாம் வருகிறது. வைரஸா?

இல்லை. அவை ஸ்பாட்லைட் தேடலுக்கான ப்ராசஸ்கள். புதிதாக நிறைய ஃபுட்டேஜ் காப்பி செய்தால் ஒவ்வொரு ஃபைலையும் படித்துக் குறிப்பெடுக்கும். சிறிது நேரம் காத்திருந்தால் தானாக விலகும். அடிக்கடி தொல்லை என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்பாட்லைட் பகுதிக்குப் போய், சர்ச் பிரைவசி பட்டியலில் அந்த டிஸ்க்கைச் சேர்த்துவிடுங்கள். ஃபைண்டரில் அந்த டிஸ்க்கின் உள்ளே தேடும் வசதி குறையும். ஃபுட்டேஜ் டிஸ்க்கில் தேடலை விட ஒழுங்கான ஃபோல்டர் பெயர்கள்தான் உதவும் என்பதால் இதைத் தயங்காமல் செய்யலாம்.

குவிக்லுக் என்று தொடங்கும் பெயர் வந்தால், அது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பார்த்த முன்னோட்டமோ தம்ப்நெயில் படமோ. ஆக்டிவிட்டி மானிட்டரில் அதை நிறுத்தினால் நஷ்டம் எதுவும் இல்லை. டைம் மெஷின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் முடியும்வரை பொறுங்கள்.

விண்டோஸில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பலருக்குத் தெரியாத ஒரு இடம் ஈவென்ட் வியூவர். எஜெக்ட் மறுக்கப்பட்டதும் அதைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். கெர்னல்-பிஎன்பி என்ற மூலத்திலிருந்து 225 என்ற எண்ணோடு ஒரு எச்சரிக்கை மேலேயே இருக்கும். இன்ன புரோகிராம், இன்ன ப்ராசஸ் எண், இந்தச் சாதனத்தைக் கழற்றுவதைத் தடுத்தது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். பக்கத்தில் வரும் சின்ன அறிவிப்பில் சொல்லாத பெயரை விண்டோஸ் இங்கே சொல்லிவிடுகிறது.

டிஸ்க்கில் எந்த ஃபைல் மாட்டியிருக்கிறது என்றும் தெரிய வேண்டுமானால் ரிசோர்ஸ் மானிட்டர். சிபியு பக்கத்தில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடல் பெட்டியில் டிரைவ் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் கொடுங்கள்.

ப்ராசஸ் எண் 4, பெயர் சிஸ்டம் என்று வந்தால் அதை நிறுத்த முடியாது, முயலவும் வேண்டாம். ஆன்டிவைரஸ் ஸ்கேனோ, அந்த டிஸ்க்கில் யாரோ வைத்த பேஜ் ஃபைலோ (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல்) காரணமாக இருக்கலாம். அப்போது கணினியை ஷட் டவுன் செய்து கழற்றுவதுதான் சரி.

பிரீமியர் ப்ரோவில் என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று மென்பொருள்களில் அதிகம் கேள்வி வருவது இதைப் பற்றித்தான். காரணம், பிரீமியர் தனியாக ஓடுவதில்லை. மீடியா என்கோடருக்கு எக்ஸ்போர்ட்டை அனுப்பியிருந்தால் பிரீமியரை மூடிய பிறகும் அது தன் வரிசையை முடித்துக்கொண்டிருக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காம்போசிஷனை டைனமிக் லிங்க் மூலம் இணைத்திருந்தால் டைனமிக் லிங்க் மேனேஜர், டைனமிக் லிங்க் மீடியா சர்வர் என்ற ப்ராசஸ்கள் பின்னால் ஓடும். பிரீமியர் திடீரென நின்றுபோன நாட்களில் இவை அப்படியே தங்கிவிடும். பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மீடியா என்கோடர் மூன்றும் மூடியாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு டாஸ்க் மேனேஜரில் இவற்றை நிறுத்தலாம்.

அடுத்தது அமைப்புகள். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ் பக்கத்தைப் பாருங்கள். எல்லாம் "சேம் ஆஸ் புராஜெக்ட்" என்றுதான் இருக்கும். புராஜெக்ட் ஃபைல் வெளி டிஸ்க்கில் இருந்தால் பிரிவ்யூ ரெண்டரும் ஆட்டோ சேவும் அங்கேதான் எழுதப்படும். பிரிவ்யூக்களை உள் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். பிறகு பிரெஃபரன்ஸில் மீடியா கேச் பக்கம். கேச் ஃபைல்களை ஒரிஜினல் மீடியாவுக்குப் பக்கத்திலேயே சேமிக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால் சிஎஃப்ஏ, பிஇகே என்று முடியும் ஃபைல்கள் ஃபுட்டேஜ் ஃபோல்டர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். என் பரிந்துரை, டிக்கை எடுத்துவிடுவது.

ஃபைனல் கட் ப்ரோவில்?

இங்கே எல்லாமே புராஜெக்ட்டுகளையும் கிளிப்புகளையும் ஒன்றாக வைத்திருக்கும் லைப்ரரியைச் சுற்றித்தான். வெளி டிஸ்க்கில் உள்ள லைப்ரரி இடது பக்கப் பட்டியலில் திறந்திருக்கும்வரை டிஸ்க் கழறாது, டைம்லைனில் வேறு லைப்ரரியின் வேலை ஓடினாலும் சரி. ஃபைல் மெனுவில் அந்த லைப்ரரியை க்ளோஸ் செய்தால் ஃபைனல் கட்டை மூடாமலேயே டிஸ்க்கைக் கழற்ற முடியும். அதற்கு முன் கமாண்ட், 9 அழுத்தி பேக்கிரவுண்ட் டாஸ்க்ஸ் ஜன்னலைப் பாருங்கள். ரெண்டரோ டிரான்ஸ்கோடோ ஷேரோ ஓடினால் முடியட்டும்.

சிலர் லைப்ரரியை உள் டிஸ்க்கில் வைத்து, மீடியாவை மட்டும் "லீவ் ஃபைல்ஸ் இன் பிளேஸ்" என்று வெளி டிஸ்க்கிலேயே விட்டிருப்பார்கள். அவர்களுக்கு லைப்ரரியை மூடுவது சில சமயம் போதாது, ஃபைனல் கட்டிலிருந்தே வெளியேற வேண்டியிருக்கும். கேச் எங்கே போகிறது என்பதை லைப்ரரி பிராப்பர்ட்டீஸில் ஸ்டோரேஜ் லொகேஷன்ஸ் வழியாக மாற்றலாம்.

டாவின்சி ரிசால்வில்?

ரிசால்வின் புராஜெக்ட் நீங்கள் பார்க்கும் ஃபோல்டரில் ஒரு ஃபைலாக இருப்பதில்லை, புராஜெக்ட் லைப்ரரி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அது வழக்கமாக உள் டிஸ்க்கில்தான். அதனால் டிஸ்க் கழன்றாலும் எடிட் போகாது, மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாகக் காட்டும், திரும்பச் செருகினால் சரியாகிவிடும்.

சிக்கல் வருவது மீடியா ஸ்டோரேஜ் பட்டியலில். பிரெஃபரன்ஸில் உள்ள அந்தப் பட்டியலின் முதல் வரியில் எந்த டிஸ்க் இருக்கிறதோ அதில்தான் ரிசால்வ் தன் கேச் கிளிப், கேலரி ஃபோல்டர்களை வைக்கும். கிளையண்ட் கொடுத்த டிஸ்க் முதல் வரியில் உட்கார்ந்திருந்தால், ரெண்டர் கேச் வசதி இயக்கத்தில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் நீங்கள் கையை எடுத்தாலே ரிசால்வ் அதில் கேச் எழுத ஆரம்பிக்கும். உள் எஸ்எஸ்டியை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ள புராஜெக்ட்டுக்கு, புராஜெக்ட் செட்டிங்ஸில் ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ் இடத்தையும் பாருங்கள். ரிசால்வை மூடிய பிறகு ஃபியூஸ்கிரிப்ட் என்ற ப்ராசஸ் மட்டும் தங்கியிருந்தால் அதை நிறுத்திவிடலாம்.

மேக்கில் "ஃபோர்ஸ் எஜெக்ட்" பொத்தான் வருகிறதே, அழுத்தலாமா?

பிடித்திருப்பது ஸ்பாட்லைட், குவிக்லுக் போன்றவை என்று நீங்களே பார்த்து உறுதி செய்திருந்தால் அழுத்தலாம். யார் என்று பார்க்காமல் அழுத்தாதீர்கள். எக்ஸ்போர்ட், காப்பி, லைப்ரரி சேவ் இவற்றில் எது ஓடினாலும் ஃபோர்ஸ் எஜெக்ட் அதைப் பாதியில் வெட்டும்.

எதுவும் பலிக்கவில்லை. டிஸ்க்கை வாங்க கிளையண்ட் வந்து நிற்கிறார்.

மற்ற வேலைகளைச் சேமித்துவிட்டு ஷட் டவுன் செய்யுங்கள். விளக்கு அணைந்ததும் கழற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. அவரை உட்காரச் சொல்லி ஒரு டீ கொடுத்தால் அதற்குள் முடிந்துவிடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் சாதாரண ஷட் டவுன் முழுமையானது அல்ல, சிஸ்டத்தின் ஒரு பகுதியை உறக்க நிலையில் சேமித்து வைக்கும். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுனைச் சொடுக்கினால் முழுமையாக அணையும்.

ஷட் டவுன் செய்ய முடியாத நிலை, அதாவது வேறு டிஸ்க்கில் நீண்ட ரெண்டர் ஓடுகிறது என்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கீழே இடது பக்கம் அந்த டிஸ்க்கின் பெயரை வலது சொடுக்கி ஆஃப்லைன் கொடுக்கலாம். ஓடும் ரெண்டர் அந்த டிஸ்க்கைத் தொடவே இல்லை என்று தெரிந்தால் மட்டும். அடுத்த முறை அதே கணினியில் செருகும்போது நீங்களேதான் ஆன்லைன் கொடுக்க வேண்டும், மறந்தால் டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பதறுவீர்கள்.

நான் கழற்றவே இல்லை. எடிட் செய்துகொண்டிருக்கும்போதே "டிஸ்க் முறையாக எஜெக்ட் செய்யப்படவில்லை" என்று வருகிறது.

இது மென்பொருள் பிரச்சினை அல்ல, இணைப்பு நொடி நேரம் அறுந்திருக்கிறது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். அடுத்தது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900. தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு கார்டு ரீடரும் செருகினால் அந்த மின்சாரத்தை மூன்றும் பங்கு போட வேண்டும். ஃபுட்டேஜ் டிஸ்க்கை நேராகக் கணினியில் செருகுங்கள், அல்லது அடாப்டரோடு வரும் ஹப் வாங்குங்கள்.

மேக் உறங்கி எழும்போது மட்டும் இந்த அறிவிப்பு வந்தால், ஹார்ட் டிஸ்க்குகளை உறங்க வைக்கும் அமைப்பை நிறுத்திப் பாருங்கள். எடிட்டிங் மென்பொருளைத் திறந்து வைத்தபடியே லேப்டாப்பை மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிடுங்கிய பிறகு எக்ஸ்ஃபேட் டிஸ்க் மேக்கில் தெரியவே இல்லை. போயே போய்விட்டதா?

அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். டிஸ்க் யுடிலிட்டியில் பெயர் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் ப்ராசஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். முறையாகக் கழற்றாத டிஸ்க்கை மேக் முழுவதும் சோதித்த பிறகுதான் காட்டும். 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் ஏராளம் இருந்தால் வெகுநேரம் ஆகலாம். அந்த நேரத்தில் "தெரியவில்லையே" என்று மறுபடி பிடுங்குவதுதான் சேதத்தைப் பெரிதாக்குகிறது. சோதனை முடிந்தால் தானாகத் தோன்றும். தோன்றாவிட்டால் ஒரு விண்டோஸ் கணினியில் செருகிப் பாருங்கள், அங்கே திறந்தால் எந்தப் பழுதுபார்ப்பும் செய்வதற்கு முன்பு ஃபுட்டேஜை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள்.

எந்த ஃபார்மட் வைத்துக்கொள்வது?

மேக்கில் மட்டும் வேலை என்றால் ஏபிஎஃப்எஸ். ஃபைனல் கட் லைப்ரரிக்கு ஆப்பிள் பரிந்துரைப்பதும் அதையே. விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். இரண்டுக்கும் இடையே கைமாறும் டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட், அதையும் கைமாற்ற மட்டும் பயன்படுத்துங்கள். அதிலேயே நாள் கணக்கில் எடிட் செய்வது சரியல்ல.

கேமரா கார்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கடுமையாக. கார்டிலிருந்து நேராக எடிட் செய்யாதீர்கள், முழு கார்டையும் ஃபோல்டர் அமைப்பு மாறாமல் டிஸ்க்குக்குக் காப்பி செய்த பிறகு இம்போர்ட் செய்யுங்கள். மேக்கில் கார்டைச் செருகியதும் ஃபோட்டோஸ் தானாகத் திறந்து பிடித்துக்கொள்ளும், அதில் அந்தக் கார்டுக்கான டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை வராது. காப்பி முடிந்ததும் கார்டை எஜெக்ட் செய்து எடுங்கள். டிஸ்க்கில் உள்ள கிளிப்புகளில் சிலவற்றைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு பிரதி விழுந்த பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.